சுளுக்கு டிவிக்கு இல்லை

கொஞ்சம் நீளமான பதிவு. காபியோடு உட்காருங்கள்.

போன வாரம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு போட்டோ சுற்றியது. எங்கள் மாடி அறையில் 24 அங்குல டிவி நெட்டுவாக்கில் தொங்குகிறது. "பெரியப்பா வீட்டு டிவிக்குச் சுளுக்கு", "ரிடையர் ஆனா இப்படித்தான்" என்று வரிசையாகச் சிரிப்பு. என்னைக் கேலி செய்ததில் வருத்தமில்லை. கணக்கு வாத்தியாருக்குப் பட்டப்பெயர் புதிதா? ஆனால் அதை என் பேரனும் படித்துவிட்டான். வயது 13. அன்று ராத்திரியே நாலு ஸ்க்ரூவையும் கழற்றி, டிவியைப் பழையபடி குறுக்கே மாட்டிவிட்டுப் பேசாமல் படுத்துவிட்டான். அதனால்தான் எழுதுகிறேன்.

அவன் விளையாடியது இகாருகா. ஜப்பானில் 2001-ல் ஆர்கேட் கூடங்களுக்காகச் செய்த விமானச் சண்டை விளையாட்டு. நம் விமானம் கீழே, எதிரிகள் மேலிருந்து வருவார்கள். 1978-ல் நிஷிகாடோ உருவாக்கிய ஸ்பேஸ் இன்வேடர்ஸ், பிறகு 1981-ல் காலகா, 1982-ல் செவியஸ் என்று இந்தக் குடும்பமே நெட்டுவாக்குத் திரைக்குப் பிறந்தது. ஆர்கேட் பெட்டிக்குள் பிக்சர் டியூபையே நிமிர்த்தி வைத்திருப்பார்கள். காரணம் எளிது. மேலிருந்து விழும் குண்டு எவ்வளவு தூரம் பயணிக்கிறதோ அவ்வளவு நேரம் உனக்கு யோசிக்கக் கிடைக்கும். ஜப்பான்காரர்கள் இந்த நிமிர்ந்த நிலையை 'தத்தே' என்கிறார்கள், நெடுக்கு என்று அர்த்தம். இகாருகாவை வீட்டு மெஷினுக்குக் கொண்டுவந்தபோது, திரையைத் திருப்பி வைத்து ஆடவும் அதிலேயே வழி வைத்தார்கள். ஆக, என் பேரன் கோணங்கித்தனம் ஒன்றும் செய்யவில்லை. செய்தவர்கள் கொடுத்த வசதியைப் பயன்படுத்தினான்.

இப்போது கணக்குக்கு வருவோம், தப்பிக்க முடியாது. அந்த டிவித் திரை சுமார் 53 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரம். விளையாட்டின் படம் 3-க்கு 4. குறுக்கே வைத்தால் உயரம் 30-க்கு மேல் போகாது, அகலம் 22.5. மொத்தத் திரையில் 42 சதவீதம்தான். மீதி இரண்டு பக்கமும் கறுப்பு. திருப்பினால்? அகலம் 30, உயரம் 40. திரையில் 75 சதவீதம். படத்தின் பரப்பு 675-லிருந்து 1200 ஆகிறது. 16-க்கு 9 என்ற விகிதத்தில் பெரிதாகிறது, டிவியின் விகிதமும் அதேதான். ஏன் அப்படி என்று யோசித்து கமென்ட்டில் எழுதுங்கள், பார்ப்போம் யாருக்கு இன்னும் நினைவிருக்கிறது என்று. காசு செலவில்லாமல், நாலு ஸ்க்ரூவில் கிடைத்த லாபம் இது.

இன்ஜினீயராக இருக்கும் ஒரு பழைய மாணவர், "எதுக்கு சார் கஷ்டம், ஸ்ட்ரெச் போட்டா ஸ்க்ரீன் ஃபுல்லா வந்துடுமே" என்று எழுதியிருந்தார். தம்பி, உனக்கு வட்டத்தையும் நீள்வட்டத்தையும் நடத்தியவன் நான். 22.5-ஐ 53-க்கு இழுத்தால் 2.36 மடங்கு. வட்டமான குண்டு முட்டையாகிவிடும். 45 பாகையில் வரும் குண்டு, கிடைக்கோட்டிலிருந்து 23 பாகையில் சரிவதுபோலத் தெரியும். கோணத்தைப் பார்த்து நகர வேண்டிய விளையாட்டில் கோணமே பொய்! ஓரத்தில் கறுப்பு தெரியக் கூடாது என்பதற்காகப் படத்தையே கோணலாக்கும் இந்தப் பழக்கம் எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. பழைய சினிமாவையும் இப்படித்தான் இழுத்துப் பார்க்கிறீர்கள். சாவித்திரி அம்மா முகம் பூசணிக்காய் ஆனாலும் ஒருவருக்கும் உறுத்துவதில்லை. டிவியைத் திருப்பினால் மட்டும் சிரிப்பு வருகிறது.

நாள் முழுக்க போனை நெட்டுவாக்கில் பிடித்துக்கொண்டுதானே இருக்கிறீர்கள்? அந்தச் சிரிப்பையும் அப்படிப் பிடித்துத்தானே டைப் செய்தீர்கள்?

ஒரே ஒரு அத்தை மட்டும் நியாயமான கேள்வி கேட்டார்: "டிவி கெட்டுப்போகாதா?" பழைய குண்டு டிவி என்றால் நானும் தொட விடமாட்டேன். கனம் முழுக்க முன்பக்கக் கண்ணாடியில். பக்கவாட்டில் கிடத்தினால் பிளாஸ்டிக் பெட்டி தாங்காது, சூடு வெளியேறும் வழியும் மாறிப்போகும். பூமியின் காந்தப்புலத்தால் மூலைகளில் நிறம் கலங்கும். உள்ளே 20,000 வோல்ட்டுக்கு மேல் இருக்கும், அணைத்த பிறகும் மின்சாரம் தங்கியிருக்கும். அந்த வேலை தெரிந்தவர்களுக்கு மட்டுமே. எங்களுடையது தட்டை எல்இடி. பின்னால் நாலு துளையும் சதுரமாக, 100 மி.மீ.க்கு 100 மி.மீ. சதுரத்தைக் கால் சுற்று சுற்றினால் அதே சதுரம்தானே? சுவர்த் தகடு அப்படியே பொருந்திவிட்டது. காற்றுத் துளைகள் அடைபடவில்லையா என்று நானே கைவைத்துப் பார்த்தேன். ஒரு குறை உண்டு, மறைக்க மாட்டேன். விலை குறைந்த சில திரைகளில், திருப்பிய பின் பக்கவாட்டில் உட்கார்ந்து பார்த்தால் நிறம் வெளுக்கும். நேர் எதிரே உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

இந்தச் சதுரத்தைக் கவனித்தது நானில்லை, அவன். "தாத்தா, துளை சதுரமா இருக்கு, திருப்பலாம்" என்றான். இத்தனை வருஷம் சதுரத்தின் சமச்சீரைப் போர்டில் வரைந்து காட்டியிருக்கிறேன். ஒருவனாவது வீட்டில் போய் ஒரு பொருளை அப்படித் திருப்பிப் பார்த்ததாக என்னிடம் சொன்னதில்லை.

இதைப் படிப்பவர்களில் ஒருவர், வீடியோ கேம் கடை வாசலிலிருந்து காதைப் பிடித்து நான் பள்ளிக்கு இழுத்து வந்த பையன். பள்ளி நேரத்தில் போனதற்காக இழுத்தது சரி. அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று எட்டிக்கூடப் பார்க்காமல் திட்டியது தப்பு. மன்னித்துவிடு தம்பி.

சிரித்தவர்கள் அந்தக் குழுவிலேயே, அவன் பார்க்கும்படி, ஒரு வரி எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு டிவியை மறுபடி திருப்பப் போகிறோம். வீட்டில் ஸ்டார் ஸ்க்ரூட்ரைவர் முனை மழுங்கிவிட்டது. வருகிறவர்கள் யாராவது ஒன்று எடுத்து வாருங்கள்.