புல்லுக்கும் கணக்கு உண்டு

பெங்களூருக்கு வடமேற்கே உள்ள ஹெசரகட்டாவை நம்மவர்கள் தண்ணீரை வைத்தே அறிவார்கள். திவான் சேஷாத்ரி அய்யர் காலத்தில், 1890-களில், நகரத்துக்கு முதன்முதலாகக் குழாய்த் தண்ணீர் வந்தது அந்த ஏரியிலிருந்துதான். ஏரியை ஒட்டிப் பரந்த புல்வெளி ஒன்றும் உண்டு.

இத்தகைய நிலத்தைப் பதிவேட்டில் தரிசு என்று எழுதுவது வெள்ளைக்காரர் காலத்து வழக்கம். தரிசு என்றால் யாருக்கும் அதில் கண் விழும். இங்கே சினிமா நகரம் அமைக்கும் யோசனைகூட எழுந்தது. காப்பகமாக்கும் யோசனையை 2021 ஜனவரியில் நிராகரித்த மாநில வனவிலங்கு வாரியம், 2024 அக்டோபரில் 5,678 ஏக்கருக்கு ஒப்புதல் தந்தது. வரவேற்கத்தக்க முடிவு.

ஆனால் சுற்றுக் கிராமத்து மாடுகள் எங்கே மேயும்? தமிழ்நாட்டில் 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் காடுகள் அனைத்திலும் மேய்ச்சலைத் தடுத்தது. அதே மாதம் அந்தத் தடையைச் சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் என்ற அளவில் சுருக்கியது. இடையில் பர்கூர் மலைமாடு வளர்ப்போர் பட்ட கலக்கம் சிறிதல்ல.

மேய்ச்சல் அளவோடு இருந்தால் புல் மறுபடி தளிர்க்கும். மிஞ்சினால் மண்தான் மிஞ்சும். அந்த அளவு எது, மேய்ச்சலை நிறுத்தினால் தீவனத்துக்கு ஒரு வீட்டில் எவ்வளவு செலவாகும், பாலில் எவ்வளவு குறையும் என்பதெல்லாம் பொருளாதாரக் கேள்விகள். இயற்கைப் பாதுகாப்பில் ஆராய்ச்சிப் பட்டம் பெற மாணவர்கள் படிக்கும் நிறுவனங்கள் பெங்களூரிலேயே உள்ளன. இந்தக் கணக்கை அவர்கள் போட்டுத் தரலாம். ஒரு நாள் காரில் போய்ப் பத்துப் பேரைக் கேட்டுத் திரும்பினால் கணக்கு வராது. ஐப்பசிப் புல் வேறு, பங்குனிப் புல் வேறு. மாட்டுக்காரருடன் வெயிலில் நடந்தால்தான் தெரியும்.

புல்வெளியைச் சீர்படுத்துகிறோம் என்று மரம் நடுவதும் ஆபத்து. குஜராத்தின் பன்னி புல்வெளியில் உப்பு பரவாமல் தடுக்க 1961-ல் சீமைக் கருவேலம் போட்டார்கள். அது புல்லையே விழுங்கியது. ராமநாதபுரத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை! குளிர்காலத்தில் மத்திய ஆசியாவிலிருந்து வரும் பூனைப் பருந்துக்கும் வேண்டியது திறந்த புல்வெளிதான், தோப்பு அல்ல.

2002-ல் திருத்தப்பட்ட வனவிலங்குச் சட்டப்படி, இத்தகைய காப்பகத்தின் நிர்வாகக் குழுவில் கிராமப் பஞ்சாயத்துகளுக்கும் கால்நடைத் துறைக்கும் இடம் உண்டு. வேலி போடும் பேச்சை எடுக்குமுன், மாணவர்கள் திரட்டும் கணக்கைக் கன்னடத்தில் எழுதி அந்தக் குழுவின் முன் வைக்க வனத்துறை ஏற்பாடு செய்ய வேண்டும். மாடு வைத்திருப்போரையும் கூட்டத்துக்கு அழைக்க வேண்டும்.