புறனடையன்று, நெறியே!

ஒரு மொழியின் அமைப்பு தமக்கு விளங்காவிடத்து, அதனைத் தம் அறியாமையென்று கொள்வார் சிலர். அம்மொழியின் குறையென்று கூறுவாரே பலர். இவ்வாறு பழிக்கப்படும் மொழிகளுள் போலந்து மொழி ஒன்று. அதனைக் கற்கப் புகும் அயலார் அதன் ஏழு வேற்றுமைகளையும் மூன்று பால்களையும் ஒருவாறு கடந்துவிடுவர். எண்ணுப்பெயரிடத்து வந்ததும் இடறி வீழ்வர். ‘இதற்கு நெறியே இல்லை, எல்லாம் புறனடை, உருப்போடுவதன்றி வேறு வழியில்லை’ என்பது அவர்தம் முறையீடு. கரணியம் காட்டாது, கட்டங்கட்டமாகப் பட்டி வகுத்துத் தரும் தொடக்க நூல்களும் இம் முறையீட்டிற்கே துணைபோகின்றன. அஃது உண்மையன்று என்பதை ஆய்ந்து காண்பார் அறிவர்.

முதற்கண் செய்தியைக் காண்க. (போலந்து ஒலிகள் யாவும் தமிழெழுத்தில் அடங்கா, ஏறத்தாழவே இங்குக் காட்டப்படுகின்றன.) வீட்டிற்கு அம்மொழியில் ‘தொம்’ என்று பெயர். இரண்டு, மூன்று, நான்கு வீடுகளாயின் ‘தொமி’ என்பர். அஃது எழுவாய்ப் பன்மை. ஐந்தாகிவிட்டாலோ ‘தொமுவ்’ என்பர். அஃது ஆறாம் வேற்றுமைப் பன்மை. அஃதாவது, ‘வீடுகளது’ என்று பொருள்படுவது. பெயரோடு வினையும் மாறும். நான்கு வீடுகள் ‘நின்றன’; ஐந்து வீடுகளோ ‘நின்றது’ என ஒருமை வினை கொள்ளும். நாணயத்திற்கும் இதுவே முறை: இரண்டு ‘சுவோத்தே’, ஐந்து ‘சுவோத்திக்’. ஆண்டிற்கோ சொல்லே வேறுபடும்: ஓர் ஆண்டு ‘ரொக்’; இரண்டாண்டு ‘லாத்தா’; ஐந்தாண்டு ‘லாத்’. ‘லாத்தோ’ என்பது வேனிலின் பெயர். கடந்துபோன வேனில்களை எண்ணி ஆண்டைக் கணித்த பழைய வழக்கு அச் சொல்லில் இன்றும் உயிரோடிருக்கின்றது.

நான்கிற்கும் ஐந்திற்கும் இடையே இத்துணைப் பெரிய வேலி ஏன்? இவ் வினாவிற்கு விடை கண்டார்க்கு மற்றவை யாவும் தாமே திறக்கும்.

ஒன்று முதல் நான்கு வரையுள்ள எண்கள் அம்மொழியில் அடைமொழி போல்வன. அவை தாம் அடுத்துவரும் பெயருக்கு அடங்கி, அதன் வேற்றுமையையே தாமும் ஏற்கும். ஐந்து முதலியன அத்தகையன அல்ல. அவை பண்டைக் காலத்தில் தனிப் பெயர்ச்சொற்களாகவே இருந்தன. ‘பியெஞ்ச்’ என்னும் ஐந்து, ‘ஐந்தன் தொகுதி’ என்று பொருள்பட்டது. எனவே போலந்தினர் ‘ஐந்து வீடுகள்’ என்று சொல்வதில்லை; ‘வீடுகளது ஐந்து’ என்றே சொல்கின்றனர். ஆடுகள் பலவாயினும் ‘ஆடுகளின் மந்தை வந்தது’ என்று ஒருமையால் முடிப்பதை ஒக்கும் இது. தொகுதி ஒன்றாதலின் வினையும் ஒருமையாயிற்று. இறந்தகாலத்தில் அவ்வினை ஆணும் பெண்ணுமல்லாத நொதுமற்பாலில் நிற்கும்.

இதற்குச் சான்று அம்மொழியின் நூற்றுப்பெயர்களிலேயே பொறிக்கப்பட்டுள்ளது. நூறு ‘சுதோ’ எனப்படும். இருநூறு ‘துவியெச்சே’, முந்நூறும் நானூறும் ‘சுதா’ என்று முடியும், ஐந்நூறு முதல் தொள்ளாயிரம் வரை ‘செத்’ என்று முடியும். ‘சுதா’ என்பது பழைய பன்மை. ‘செத்’ என்பது பழைய ஆறாம் வேற்றுமைப் பன்மை. ஆகவே ஐந்நூறு என்பதே ‘நூறுகளது ஐந்து’ என்றாகின்றது. இருநூற்றின் ஈறோ, ஒருமைக்கும் பன்மைக்கும் இடையே இருந்து பின் வழக்கொழிந்த ‘இருமை’ என்னும் எண்ணின் எச்சம். கை, கண், காது ஆகிய இணையுறுப்புகளின் இன்றைய பன்மை வடிவங்களும் அவ்விருமையின் எச்சங்களே. சந்தையில் காசு எண்ணுவோர் ஒவ்வொருவரும் தம்மையறியாமல் ஒரு பழங்கல்வெட்டைப் படிக்கின்றனர் என்க.

இனி, மறுப்பார் கூற்றையும் காண்போம். ‘பன்னிரண்டிலும் இரண்டு உண்டே, அது மட்டும் ஏன் ஆறாம் வேற்றுமை கொள்கின்றது?’ என்பர். பன்னிரண்டு என்பது ‘பத்தின்மேல் இரண்டு’ என்று இணைந்து ஒரு சொல்லாய் இறுகிவிட்டது. அதனுள் இரண்டு தனித்து நிற்கவில்லை. இருபத்திரண்டில் அது தனிச்சொல்லாக இறுதியில் நிற்கின்றது. ஆதலின் ‘தொமி’ என்ற வடிவமே மீண்டும் வருகின்றது. இருபத்தொன்றில் ஒன்று உறைந்து நின்றுவிட, பெயர் ‘தொமுவ்’ ஆகும். புறனடையென நினைவிற் கொள்ளத்தக்கன இதுபோன்ற சிலவே. மேலும், எண் பெயரை ஆள்வதெல்லாம் எழுவாயாகவும் செயப்படுபொருளாகவும் வருமிடத்துத்தான். ‘ஐந்து வீடுகளில்’, ‘ஐந்து வீடுகளுக்கு’ என்னுமிடங்களில் பெயர் தன் வேற்றுமையைத் தானே ஏற்கும். எண் ‘பியெஞ்சூ’ எனத் திரிந்து அதற்கு அடங்கும். ஓரிடத்தில் எண் தலைமை. ஏனையிடங்களில் பெயர் தலைமை. இதில் குழப்பம் யாது?

மக்களை எண்ணும் முறை தமிழர்க்கு அயலாகத் தோன்றாது. நாம் இரண்டு மாடு என்போம். இரண்டு புலவர் என்னாது புலவர் இருவர் என்போம். போலந்து மொழியும் ஆண்மக்களுக்கு வேறு எண் வைத்துள்ளது. பெண்டிர் இருவர்க்குத் ‘துவியே’ என்றும், ஆடவர் இருவர்க்குத் ‘துவாய்’ அல்லது ‘துவுக்’ என்றும் வரும். ஆணும் பெண்ணும் கலந்த குழுவிற்கும் குழந்தைகட்கும் ‘துவோயே’ என்னும் தொகுப்பெண் உண்டு. நம் உயர்திணை ஆடவர் பெண்டிர் இருபாலாரையும் ஒருங்கே தழுவும். அவர்தம் பாகுபாடு ஆடவரை மட்டுமே பிரிக்கும். இவ் வேறுபாட்டை மட்டும் மறவாதிருத்தல் வேண்டும்.

அளவு குறித்த சொற்களில் இந்நெறியின் அழகு இன்னும் விளங்கும். தமிழில் ‘ஒரு குவளை பால்’ என்று உருபின்றி அடுக்கிவிடுவோம். போலந்தில் ‘பாலினது குவளை’ என்றே வரும். உரொட்டிக்குக் ‘கிலெப்’ என்று பெயர். அதன் ஆறாம் வேற்றுமை ‘கிலெபா’. ஓர் அயிரைக்கல் உரொட்டியாயினும் கிலெபா. பாதி உரொட்டியாயினும் கிலெபா. மிகுதியாயினும் குறைவாயினும் கிலெபா. ‘கிலெப் கொடு’ என்றால் உரொட்டியைக் கொடு என்பது. ‘கிலெபா கொடு’ என்றால் அதில் சிறிது கொடு என்பது. உரொட்டி இல்லையென்றாலும் கிலெபாவே. முழுமையினின்று ஒரு பகுதியை எடுத்தலும், ஒன்றுமே இல்லாதொழிதலும் அளவின்பாற்பட்டனவே என்று அம்மக்கள் கண்டனர் போலும். ஒரே உருபு இத்துணைப் பணியாற்றுவதைக் குழப்பம் என்பதா? சிக்கனம் என்பதா?

‘கற்பார்க்கு எளிதாகும்படி இவற்றைக் குறைத்தாலென்ன?’ என்பார்க்கு விடை அந்நாட்டு வரலாறே. 1772 முதல் 1795 வரை மும்முறை நிகழ்ந்த பங்கீட்டால் புருசியா, உருசியா, ஆத்திரியா ஆகிய மூவரசுகள் போலந்தைக் கூறுபோட்டன. 1918 வரை 123 ஆண்டுகள் அது தன்னுரிமை நாடாக இல்லை. 1863-ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப்பின் உருசியப் பகுதிப் பள்ளிகளில் உருசிய மொழியே பயிற்றுமொழியாகத் திணிக்கப்பட்டது. புருசியப் பகுதியிலிருந்த வுசெசுனியா என்னும் ஊரில், 1901-இல், சமயப் பாடத்திற்குச் செருமானிய மொழியில் விடைகூற மறுத்த சிறுவர் சிறுமியர் பிரம்படி பட்டனர். எதிர்த்த பெற்றோர் முறைமன்றம் ஏறிச் சிறை புகுந்தனர். அடிபட்ட அப் பிள்ளைகள் நாவில் இருந்தது குறைக்கப்பட்ட மொழியன்று. தொமியும் தொமுவும், துவாயும் துவோயேயும் நிறைந்த முழுமொழி. ஆட்சியும் படையும் பறிபோன காலத்தில் அவர்க்கு எஞ்சிய நாடு அதுவே.

மொழி மாறாதென்பதன்று. இருமையெண் மறைந்தது, அது பேசுவார் நாவிலேயே நாளடைவில் தேய்ந்து மறைந்தது. எவரும் ஆணையிட்டு அதனை வெட்டவில்லை. பேசுவார் விடுத்தது வேறு. கற்பார் வேண்டுகோளுக்காக அறுப்பது வேறு.

நாடு கூறுபடுங் காலத்திலும் அவர்தம் இலக்கணப் பணி நின்றிலது. 1773-இல் அமைந்த நாட்டுக் கல்விக் குழுவின் பள்ளிகட்கென 1778-இல் இலக்கணம் எழுதத் தொடங்கிய ஒனுபிரி கொப்சிஞ்சுகி, இலக்கணக் குறியீடுகள் பலவற்றைப் போலந்துச் சொற்களாலேயே ஆக்கினார். மூன்றாம் வேற்றுமையைக் கருவி என்னும் சொல்லடியாகவே இன்றும் அவர்கள் வழங்குகின்றனர். இலத்தீன் பெயரை நாடுவதில்லை.

இறுதியாக ஒன்று. போலந்து மொழிக்கு முதன்முதல் இலக்கணம் வகுத்தவர் போலந்தில் பிறந்தவரல்லர். பிரஞ்சு நாட்டினின்று வந்து குடியேறிய பியோத்தர் சுதொயெஞ்சுகி என்பார், 1568-இல் கிராக்கோ நகரில் அதனை இலத்தீனில் எழுதி வெளியிட்டார். மொழி கடிதென்று அவர் மொழியைக் குறைக்கச் சொன்னாரல்லர். தம் அறிவைப் பெருக்கிக்கொண்டார். பயிற்றுவோர் பட்டியை மூடிவைத்து, நான்கிற்கும் ஐந்திற்கும் இடையுள்ள வேலியின் கரணியத்தை முதல் நாளே கற்பிப்பாராக. கற்போர் அயலவராயினும் அம்முதலாசிரியர் சென்ற வழியே செல்வாராக. அவர்க்கு அதன் கதவு என்றும் திறந்தே இருக்கும்.