கோப்பை வென்ற கிளப் காணாமல் போவது ஏன்? லிபர்டடோரஸ் ஃபைனலும் நம்ம ஊர் சாம்பியன்களும்

2024 நவம்பர் 30 இரவு, ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. 24 மணி நேரத்தில் 46 செ.மீ.-க்கும் மேல் மழை. கடலூர் சாலையில் அரியாங்குப்பம், தவளக்குப்பம் பக்கமெல்லாம் அன்றைக்கு ஃபுட்பால் பற்றி யோசிக்க யாருக்கு நேரம்? கரன்ட் எப்போ வரும், போனில் எத்தனை சதவீதம் சார்ஜ் இருக்கு என்பதுதான் கவலை. அதே இரவு, இந்திய நேரப்படி 1.30 மணிக்கு, பியூனஸ் அயர்ஸில் ஒரு மேட்ச் தொடங்கியது. வழக்கமாகக் கண் விழித்துப் பார்க்கும் ரசிகர்கள்கூட அதை ஓரிரு நாள் கழித்து ஹைலைட்ஸில்தான் பார்த்திருப்பார்கள்.

அது கோபா லிபர்டடோரஸ் இறுதிப் போட்டி. தென் அமெரிக்க கிளப் கால்பந்தின் உச்சம். பிரேசிலின் பொட்டாஃபோகோ அணியும், அதே நாட்டின் அட்லெடிகோ மினெய்ரோ அணியும் மோதின. ஆட்டம் தொடங்கி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, பொட்டாஃபோகோவின் கிரெகோரே ரெட் கார்டு வாங்கி வெளியேறினார். மீதி நேரம் முழுக்க 10 பேர். அப்படியும் 3-1 என ஜெயித்து, அந்த கிளப் முதல் முறையாகக் கோப்பையைத் தூக்கியது.

ரெட் கார்டைவிட சுவாரஸ்யமான விஷயம் ஒன்று இருக்கிறது. இதே பொட்டாஃபோகோ 2020 சீசனில் கடைசி இடம் பிடித்து இரண்டாம் டிவிஷனுக்குத் தள்ளப்பட்ட கிளப். கடன் கழுத்து வரை. நாலே வருடத்தில் கண்டத்தின் சாம்பியன். விழுந்தது, ஆனால் காணாமல் போகவில்லை. நம்ம பக்கம் கதை நேர் எதிர். இங்கே சாம்பியன் ஆன கிளப்பே மூன்றாவது வருடம் தேடினால் கிடைப்பதில்லை.

லிபர்டடோரஸ்: ஒரு நிமிட அறிமுகம்

1960-ல் தொடங்கிய தொடர். முதல் சாம்பியன் உருகுவேயின் பெனரோல். ஸ்பெயின், போர்ச்சுகல் ஆட்சியிலிருந்து தென் அமெரிக்காவை விடுவித்த தலைவர்களின் நினைவாக வைத்த பெயர். ஐரோப்பாவுக்கு சாம்பியன்ஸ் லீக் எப்படியோ, அந்தக் கண்டத்துக்கு இது அப்படி. 2018 வரை இறுதிச் சுற்று இரண்டு ஆட்டங்களாக, இரு அணிகளின் ஊர்களிலும் நடந்தது. அந்த வருடம் ரிவர் பிளேட், போகா ஜூனியர்ஸ் மோதிய ஃபைனலில் போகாவின் பஸ் தாக்கப்பட, இரண்டாவது ஆட்டம் கடல் கடந்து மாட்ரிட்டுக்குப் போனது. எக்ஸ்ட்ரா டைமில் ரிவர் 3-1 என ஜெயித்தது. அடுத்த வருடத்திலிருந்து ஒரே ஆட்டம், முன்கூட்டியே அறிவித்த ஒரு நகரத்தில்.

ரிவரின் கதையும் இதே ரகம்தான். 2011 ஜூன் 26 அன்று, 110 வருட வரலாற்றில் முதல் முறையாக இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது. ரசிகர்கள் மைதானத்திலேயே கதறினார்கள். 2015-ல் லிபர்டடோரஸ் சாம்பியன், 2018-ல் மறுபடியும் சாம்பியன்.

சென்னைக்கு ஆடிய லிபர்டடோரஸ் சாம்பியன்

ரிவர் அழுததற்கு நான்கு நாள் முன்பு, 2011 ஜூன் 22 அன்று, சாவோ பாலோவின் பகேம்பு மைதானத்தில் சான்டோஸ் அணி பெனரோலை 2-1 என வீழ்த்தி லிபர்டடோரஸ் வென்றது. பீலே ஆடிய 1963-க்குப் பிறகு அந்த கிளப்புக்கு அதுதான் முதல் கோப்பை. முதல் கோல் 19 வயது நெய்மாருடையது. நடுக்களத்தில் ஆடியவர் எலானோ. அதே எலானோ மூன்று வருடம் கழித்து சென்னையின் எஃப்சி ஜெர்சியில் வந்து நின்றார். ஐஎஸ்எல் தொடரின் முதல் சீசனில் 8 கோல்களுடன் அதிக கோல் அடித்தவரும் அவர்தான்.

2015-ல் அவருடன் இன்னும் இரண்டு தென் அமெரிக்கர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். கொலம்பியாவின் மென்டோசா, பிரேசிலின் புரூனோ பெலிசாரி. மென்டோசா அப்போது கொரிந்தியன்ஸ் கிளப்பிலிருந்து லோனில் வந்தவர். 2012 லிபர்டடோரஸ் சாம்பியன் அந்த கொரிந்தியன்ஸ்.

அந்த சீசனை நினைவிருப்பவர்களுக்கு சொல்லவே வேண்டாம். பட்டியலில் கடைசி இடத்தில் கிடந்த சென்னையின், கடைசி நான்கு லீக் ஆட்டங்களையும் வரிசையாக ஜெயித்து அரையிறுதிக்குள் நுழைந்தது. அதற்குள் டிசம்பர் வெள்ளம். சென்னை மூழ்கியது, கடலூர் மூழ்கியது. சென்னையில் நடக்க வேண்டிய அரையிறுதியின் முதல் ஆட்டம் புனேவுக்கு மாற்றப்பட்டது. சொந்த ரசிகர்கள் இல்லாத ‘ஹோம்’ மேட்ச். நடப்பு சாம்பியன் கொல்கத்தாவை அங்கே 3-0 என அடித்தார்கள். இரண்டாவது ஆட்டத்தில் தோற்றாலும் மொத்த கோல் கணக்கில் தாண்டினார்கள்.

டிசம்பர் 20, கோவாவின் ஃபடோர்டா மைதானம். எதிரணி எஃப்சி கோவா, அரங்கம் முழுக்க அவர்கள் ஆட்கள். 54-வது நிமிடத்தில் பெலிசாரியின் பெனால்டியை கோல்கீப்பர் கட்டிமணி தடுத்தார். திரும்பி வந்த பந்தை பெலிசாரியே உள்ளே தள்ளினார். நாலு நிமிடத்தில் ஹாவோகிப் சமன் செய்தார். அடுத்து மென்டோசாவுக்கு ஒரு பெனால்டி. அதையும் கட்டிமணி தடுத்தார். 87-வது நிமிடத்தில் ஜோஃப்ரே அடித்த கோல், கோவா 2-1. கதை முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். 90-வது நிமிடத்தில், இரண்டு பெனால்டி தடுத்த அதே கட்டிமணியின் கை பட்டு பந்து அவர் கோலுக்குள்ளேயே போனது. சேம் சைடு கோல். அடுத்த இரண்டு நிமிடத்தில் மென்டோசா. 3-2. சென்னை சாம்பியன்.

நான்கு வருடம் கழித்து, 2019 லிபர்டடோரஸ் ஃபைனலில் ஃபிளமெங்கோ 89, 92-வது நிமிடங்களில் இரண்டு கோல் அடித்து ரிவரை 2-1 என வீழ்த்தியதை உலகமே பேசியது. அதே மாதிரி ஒன்றை ஏற்கெனவே பார்த்தவர்கள் தமிழ் ரசிகர்கள்.

2018 மார்ச் 17 அன்று பெங்களூருவில் இரண்டாவது கோப்பை. அங்கேயும் மூன்று கோலும் பிரேசில்காரர்களுடையது. மெயில்சன் ஆல்வெஸ் இரண்டு, ரஃபேல் அகஸ்டோ ஒன்று.

கோவையில் ஒரு சாம்பியன் இருந்தது

இதைவிடப் பெரிய அதிசயம் 2019 மார்ச் 9 அன்று கோவை நேரு ஸ்டேடியத்தில் நடந்தது. சென்னை சிட்டி எஃப்சி. 1946-ல் தொடங்கிய பழைய கிளப், ஐஎஸ்எல் அணிகள் அளவுக்குப் பணம் கிடையாது. ஐ-லீக்கின் கடைசி நாளில் ஜெயித்தால் பட்டம். சறுக்கினால் ஒரு புள்ளி பின்னால் வரும் ஈஸ்ட் பெங்கால் தட்டிக்கொண்டு போகும். மூன்றாவது நிமிடத்திலேயே மினர்வா பஞ்சாப் கோல் அடித்துவிட்டது. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் தன் ஆட்டத்தை ஜெயித்தது. கோவையில் இரண்டாம் பாதியில் பெட்ரோ மான்சி பெனால்டியில் சமன் செய்ய, கௌரவ் போரா இரண்டு கோல் அடிக்க, 3-1. சென்னை சிட்டி 43 புள்ளி, ஈஸ்ட் பெங்கால் 42. அந்த சீசனில் 21 கோல் அடித்த மான்சி உருகுவேக்காரர்.

நூறு வருடப் பழமை பேசும் கொல்கத்தா கிளப்பை ஒரு தமிழ்நாட்டு அணி முந்தியது சின்ன விஷயமா? சுவிட்சர்லாந்தின் எஃப்சி பாசல் அந்த கிளப்பில் 26 சதவீதப் பங்கு வாங்கியிருந்தது. அடுத்து ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்று. 2020 ஜனவரியில் பஹ்ரைனின் அல்-ரிஃபாவுக்கு எதிரான அந்த ‘ஹோம்’ மேட்ச் நடந்த இடம் அகமதாபாத். கோவை ரசிகர்கள் டிவியில் பார்த்தார்கள். 0-1 தோல்வி.

பிறகு? 2021-22 ஐ-லீக் தொடங்கியபோது அணிகள் பட்டியலில் சென்னை சிட்டி என்ற பெயரே இல்லை. தரமிறக்கப்பட்டு இறங்கிப் போகவில்லை. இல்லாமல் போய்விட்டது, அவ்வளவுதான். தேசிய சாம்பியன் பட்டத்துக்கும் இதற்கும் இடையில் மூன்று வருடம்கூட இல்லை.

இது தமிழ்நாட்டு சாபம் என்று நினைத்துவிட வேண்டாம். 2022-ல் ஐஎஸ்எல் வென்ற ஹைதராபாத் எஃப்சி, 2025-ல் ஊரையும் பெயரையும் மாற்றிக்கொண்டு ‘ஸ்போர்டிங் கிளப் டெல்லி’ ஆகிவிட்டது. அந்த ஹைதராபாத்தே 2019-ல் புனே சிட்டி கலைக்கப்பட்ட இடத்துக்கு வந்த அணி. டெல்லி டைனமோஸ் ஒடிசாவுக்குப் போனது. ஒரு ரசிகர் ஜெர்சி வாங்கும்போது வாரன்டி கார்டு கேட்க வேண்டிய நிலை.

உரிமையாளருக்கு அலுத்தால்?

ரிவர், போகா, சான்டோஸ் எல்லாம் உறுப்பினர்களின் கிளப்புகளாக வளர்ந்தவை. சந்தா கட்டும் உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். 2023 டிசம்பரில் போகாவில் நடந்த தேர்தலில் 40 ஆயிரத்துக்கும் அதிகமானவர்கள் வாக்களித்தார்கள். முன்னாள் வீரர் ரிகெல்மே ஜெயித்தார். அதே மாதம் சான்டோஸ் வரலாற்றில் முதல் முறையாக இரண்டாம் டிவிஷனுக்கு விழுந்தது. ஒரு வருடத்தில் திரும்பி வந்தது. கிளப்பை மூடிவிடலாமா என்று முடிவு செய்யும் ஒற்றை முதலாளி அங்கே இல்லை.

அதற்காக அது சொர்க்கம் கிடையாது. கடன், ஊழல் புகார், காலரியில் வன்முறை எல்லாம் உண்டு. மாட்ரிட் வரை போன ஃபைனலே சாட்சி. முதலாளி வந்தாலே கெடுதல் என்றும் சொல்ல முடியாது. 2024-ல் மோதிய பொட்டாஃபோகோவும் மினெய்ரோவும் கம்பெனியாக மாறிய கிளப்புகள்தான். பொட்டாஃபோகோவை 2022-ல் வாங்கியவர் அமெரிக்கத் தொழிலதிபர் ஜான் டெக்ஸ்டர்.

கவனிக்க வேண்டியது, அப்படி விற்க வழி செய்த 2021-ம் வருட பிரேசில் சட்டத்தை. கிளப்பைத் தொடங்கிய சங்கம் தனிவகைப் பங்கு ஒன்றைக் கையில் வைத்திருக்கும் வரை, பெயர், சின்னம், நிறம், ஊர் இவற்றை மாற்ற அதன் சம்மதம் வேண்டும். பணம் போடுபவர் கோச்சை மாற்றலாம், வீரர்களை விற்கலாம். கிளப்பைத் தூக்கிக்கொண்டு வேறு ஊருக்குப் போக முடியாது.

ஹைதராபாத்துக்கு அப்படி ஒரு பாதுகாப்பு இருந்திருந்தால், டெல்லிக்குப் போவதற்கு முன் யாரிடமாவது கேட்டிருக்க வேண்டும். சென்னை சிட்டி விஷயத்தில் நிறுத்துவதற்கு முன்பாவது ஊருக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

தவளக்குப்பத்துக்கு இதில் என்ன?

புதுச்சேரிக்குத் தனியாகக் கால்பந்து சங்கம் இருக்கிறது, சந்தோஷ் டிராபியில் அணி ஆடுகிறது. உப்பளத்தில் இந்திரா காந்தி விளையாட்டு அரங்கம் இருக்கிறது. தேசிய லீக்கில் ஒரு கிளப் இல்லை. தவளக்குப்பத்து ரசிகருக்குப் பக்கத்து பெரிய கிளப் என்றால் சென்னையின்தான். சுமார் 160 கி.மீ. இரவு மேட்ச் முடிந்து பஸ் பிடித்தால் வீடு வரும்போது விடியற்காலை. அதையும் தாண்டி ஒருத்தர் போகிறார் என்றால், அடுத்த வருடமும் அந்த கிளப் அங்கே இருக்கும் என்ற நம்பிக்கையில்தான்.

2025-ல் அந்த நம்பிக்கையும் ஆடியது. இந்தியக் கால்பந்து கூட்டமைப்புக்கும் ஐஎஸ்எல்லை நடத்திய நிறுவனத்துக்கும் 2010-ல் போட்ட 15 வருட ஒப்பந்தம் முடியப்போகிறது என்பதால் சீசன் நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்டில் சென்னையின் எஃப்சி தன் செயல்பாடுகளைத் தற்காலிகமாக நிறுத்துவதாக அறிவித்தது. லீக்கை நடத்த கூட்டமைப்பு விட்ட டெண்டருக்கு ஒரு நிறுவனம்கூட வரவில்லை. பிப்ரவரி 14-ல் போட்டிகள் தொடங்கும் என்ற அறிவிப்பே 2026 ஜனவரியில்தான் வந்தது. இரண்டு முறை சாம்பியனான ஒரு அணியின் வீரர்கள், ரசிகர்கள், மைதான ஊழியர்கள் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள்.

அடிபடுவது ரசிகர் மட்டும் இல்லை. வியாசர்பாடியில் பந்து உதைத்து வளர்ந்த தனபால் கணேஷ் சென்னையின் அணிக்கு ஆட முடிந்தது, பக்கத்தில் ஒரு கிளப் இருந்ததால். அரியாங்குப்பத்திலோ கிருமாம்பாக்கத்திலோ இன்றைக்கு 15 வயதில் நன்றாக ஆடும் ஒரு பையனுக்கு, பெண்ணுக்கு, அடுத்த படி எது? கோவையில் ஒன்று இருந்தது, இப்போது இல்லை.

இந்தியாவில் ரசிகர்களே ஓட்டுப் போட்டு கிளப் நடத்தும் காலம் உடனே வராது. அதைக் கேட்பதும் நியாயமில்லை. ஆனால் அரசு கையில் ஒரு துருப்புச்சீட்டு இருக்கிறது: மைதானம். சென்னை நேரு ஸ்டேடியம் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்துடையது. கோவை ஸ்டேடியம் மாநகராட்சியுடையது. மக்கள் பணத்தில் கட்டிய இடத்தைத் தரும்போதே சில நிபந்தனைகளை ஒப்பந்தத்தில் எழுதலாம். ஊரையோ பெயரையோ மாற்றுவதென்றால் ஒரு சீசன் முன்பே சொல்ல வேண்டும். விலகினால் அகாடமிப் பிள்ளைகளையும் சம்பளப் பாக்கியையும் முடித்துவிட்டுத்தான் போக வேண்டும். நாளைக்கு உப்பளத்தைக் கேட்டு ஒரு கிளப் வந்தால் புதுச்சேரி அரசும் இதையே செய்யலாம்.

இன்னொரு இடம், கூட்டமைப்பு ஒவ்வொரு சீசனும் கொடுக்கும் கிளப் லைசென்ஸ். நிதி, மைதானம், இளையோர் அணி பற்றியெல்லாம் அதில் விதிகள் இருக்கின்றன. பெயர், நிறம், ஊர் ஆகிய மூன்றையும் அதில் சேர்க்க புதிதாக ஒரு ரூபாய் செலவில்லை. லீக்கின் அடுத்த வணிக ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கு முன்பு சேர்த்தால்தான் புதிதாகப் பணம் போட வருபவரும் அதற்குக் கட்டுப்படுவார்.