நீயே எழுதிக் கொண்டு வா

வெளிநாட்டில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கிற தமிழ்நாட்டுப் பொறியியல் மாணவர்கள் தங்கள் கல்லூரியில் தவறாமல் கேட்கும் வாக்கியம் ஒன்று உண்டு. "ரெக்கமெண்டேஷன் லெட்டர்தானே? நீயே எழுதிக் கொண்டு வாப்பா, கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

சொல்பவர் கெட்டவர் இல்லை. பெரும்பாலும் அன்பாகத்தான் சொல்கிறார். பையன் நல்லா வரட்டும், நம்மால ஏன் தடை என்ற நினைப்பு. மாணவனும் நன்றியோடு தலையாட்டிவிட்டு நேராக கன்சல்டன்சிக்குப் போகிறான். அங்கே தயாராக ஒரு கோப்பு இருக்கிறது. பெயரை மாற்றினால் கடிதம் ரெடி. இந்த மொத்த ஏற்பாட்டையும் விளக்க நம்மிடம் ஒரே ஒரு சொல்தான்: "சும்மா ஒரு ஃபார்மாலிட்டி."

இந்த ஃபார்மாலிட்டியை எதிர்த்துத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் இதிலுள்ள வேடிக்கையைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் ஃபெர்பா என்று 1974-ல் வந்த ஒரு சட்டம் இருக்கிறது. அதன்படி, பல்கலைக்கழகத்தில் சேர்ந்த மாணவர் தன்னைப் பற்றிய கோப்புகளைப் பார்க்க உரிமை உண்டு, சிபாரிசுக் கடிதம் உட்பட. ஆனால் விண்ணப்பிக்கும்போதே "அந்தக் கடிதத்தைப் பார்க்கும் உரிமையைத் துறக்கிறேன்" என்று ஒரு கட்டத்தில் டிக் அடிக்கச் சொல்வார்கள். எழுதுகிறவர் மனம் திறந்து எழுதட்டும் என்பதற்காக. நம் பையன் என்ன செய்கிறான்? முந்தைய நாள் ராத்திரி தானே உட்கார்ந்து எழுதிய கடிதத்தைப் படிக்கும் உரிமையை, மறுநாள் காலையில் பயபக்தியோடு துறக்கிறான்.

சிரித்துவிட்டுப் போய்விடலாம்தான். நான் போக மாட்டேன் என்பதற்குக் காரணம் இருக்கிறது.

ஒவ்வொரு வருடமும் ஆகஸ்ட் தொடங்கி டிசம்பர் வரை என் கல்லூரி ஜூனியர்களிடமிருந்து அஞ்சல்கள் வரும். "அண்ணா, எஸ்ஓபி கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க." எஸ்ஓபி என்றால் தன்னைப் பற்றியும் தான் ஏன் இதைப் படிக்க விரும்புகிறேன் என்பதைப் பற்றியும் மாணவன் எழுத வேண்டிய ஒன்றிரண்டு பக்கக் கட்டுரை. நான் வாசித்தவரை, நம் ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரே வீட்டில் பிறந்து வளர்ந்தவர்கள். அப்பா ஒரு கணினி வாங்கி வருவார். பையன் எட்டு வயதில் அதன் சிபியுவைத் திறந்து பார்ப்பான். அன்றிலிருந்து தீராத ஆர்வம்.

அப்படி சிபியுவைத் திறந்ததாக எழுதியிருந்த ஒருவனிடம் ஃபோனில் கேட்டேன். "தம்பி, உங்க வீட்ல அப்பவே கம்ப்யூட்டர் இருந்துச்சா?" கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு சொன்னான். ப்ளஸ் டூவில் அரசு கொடுத்த இலவச லேப்டாப்தான் அவன் வீட்டுக்குள் வந்த முதல் கணினி. அதில் இணையம் கிடையாது. பக்கத்து ஊர் அக்கா ஒருத்தர் பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்த பாடங்களைப் பார்த்து சி நிரல் எழுதப் பழகியிருக்கிறான். அம்மாவின் மகளிர் சுயஉதவிக் குழுவுக்கு வட்டிக் கணக்குப் போட ஒரு சின்ன நிரல் எழுதியிருக்கிறான். அவன் எழுதிய முதல் உருப்படியான நிரல் அதுதான்.

"இதை ஏன்டா எழுதல?"

"கன்சல்டன்சில வேணாம்னுட்டாங்கண்ணா. பார்க்க ஏழை மாதிரி இருக்குமாம்."

எனக்கு வயிறு எரிந்தது. யாருக்கும் இல்லாத ஒரு கதை அவனிடம் இருந்தது. அதைப் பிடுங்கிக்கொண்டு, எல்லோருக்கும் கொடுக்கிற கதையை அவனுக்கும் கொடுத்து, அதற்குப் பணமும் வாங்கியிருக்கிறார்கள். இருபத்தியொரு வயதில் ஒருவன் உலகத்திடம் முதன்முதலாகத் "நான் இன்னார்" என்று சொல்ல உட்காருகிறான். அந்த முதல் பேச்சே இரவல். ஃபார்மாலிட்டி என்று நாம் சொல்வது இதைத்தான்.

மாணவனை மட்டும் பொய்யன் என்று திட்டினால் வேலை சுலபம். நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன், என் தொழிலில் இதற்கு ஒரு பாடம் இருக்கிறது. ஒரு படிவத்தில், பயன்படுத்துகிறவரால் நிரப்பவே முடியாத ஒரு கட்டத்தைக் கட்டாயம் ஆக்கிப் பாருங்கள். அவர் அதில் ஒரு புள்ளி வைப்பார். அல்லது விசைப்பலகையில் விரல் பட்ட நாலு எழுத்தை அடிப்பார். படிவம் ஏற்றுக்கொள்ளும். உங்கள் தரவுத்தளத்தில் குப்பை சேரும். குப்பையைப் போட்டவர் அவர்தான், ஆனால் போட வைத்தது உங்கள் வடிவமைப்பு.

சிபாரிசுக் கடிதம் நம் கல்லூரிகளுக்கு அப்படிப்பட்ட ஒரு கட்டம். சின்ன வகுப்பு, ஆசிரியரின் ஆய்வில் மாணவனுக்கும் ஒரு பங்கு, அறைக்குப் போய் அரை மணி நேரம் பேசலாம் என்ற பழக்கம் எல்லாம் உள்ள இடத்தில் பிறந்த வழக்கம் அது. நம் ஊரில் ஒரு செக்‌ஷனுக்கு 60 பேர். பாடம் நடத்துகிறவருக்கு அதுபோல இரண்டு மூன்று செக்‌ஷன்கள், கூடவே தேர்வுத் தாள், அங்கீகாரக் குழு வரும்போது அடுக்க வேண்டிய கோப்புகள், கோடை விடுமுறையில் ஊர் ஊராகப் போய் அட்மிஷன் பிடிக்கிற வேலை. இந்த மனிதரிடம் "இந்த மாணவரின் சுயசிந்தனை மேல் ஐந்து சதவீதத்தில் இருக்கிறதா, மேல் பத்திலா?" என்று வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் கேட்கிறது. அவர் புள்ளி வைக்கிறார்.

இங்கே ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கடுமையான விதி வேறு, பொய்யை வரவழைக்கிற விதி வேறு.

ஜெர்மனியை எடுத்துக்கொள்ளுங்கள். நம் மதிப்பெண்ணை அவர்கள் கணக்குக்கு மாற்ற, திருத்தப்பட்ட பவேரியச் சூத்திரம் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். பத்துக்கு 7.5 வாங்கியவருக்கு, தேர்ச்சிக்குக் குறைந்தபட்சம் 5 என்றால் 2.5 வரும். குறைந்தபட்சம் 4 என்றால் 2.25. அங்கே எண் குறையக் குறைய நல்லது. ஆக, ஒரே மதிப்பெண் வாங்கிய இரண்டு பேர் கல்லூரி விதியைப் பொறுத்து வேறு வேறு இடத்தில் நிற்பார்கள். அநியாயம் என்று வாதாடலாம். ஆனால் சூத்திரம் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது, வீட்டில் காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம், யாரும் யாருக்காகவும் பொய் சொல்ல வேண்டாம். பணத்திலும் அப்படித்தான். 2024 செப்டம்பரிலிருந்து ஒரு வருடத்துக்கு 11,904 யூரோ முடக்கப்பட்ட கணக்கில் இருக்க வேண்டும். போனபிறகு மாதம் 992 யூரோவாக அதிலிருந்துதான் எடுத்துச் சாப்பிட வேண்டும். நம் குடும்பங்களுக்கு அது மலை. இருந்தாலும் கேட்ட பணம் நிஜப் பணம்.

பிரிட்டனின் விதி வேறு மாதிரி. பணம் கணக்கில் தொடர்ந்து 28 நாள் இருந்ததைக் காட்டினால் போதும். 29-வது நாள் அது எங்கே போனது என்பது வங்கி அறிக்கையில் வராது. இதிலிருந்து நம் ஊரில் ஒரு தொழிலே முளைத்தது. ஷோ மணி. வட்டிக்குப் பணம் தருவார்கள், கணக்கில் தூங்கும், திரும்பப் போகும். பையன் லண்டனுக்குப் போய் இறங்கும்போது கையில் கடன் மட்டும் இருக்கும்.

அமெரிக்க விசா இதற்கும் மேல். அங்கே குடியேற்றச் சட்டத்தின் 214(பி) பிரிவு, வருகிற ஒவ்வொருவரும் குடியேறத்தான் வருகிறார் என்ற அனுமானத்தோடு தொடங்குகிறது. இல்லை, திரும்பிவிடுவேன் என்று மாணவன்தான் நிரூபிக்க வேண்டும். அதே நாட்டின் பல்கலைக்கழகங்கள், அறிவியல் தொழில்நுட்பப் படிப்பு முடித்தால் மூன்று வருடம் வரை அங்கே வேலை பார்க்கலாம் என்பதைச் சொல்லித்தான் ஆள் சேர்க்கின்றன. டாலரில் சம்பாதித்தால் மட்டுமே அடைக்க முடிகிற கடனை வாங்கிக்கொண்டு, படித்து முடித்ததும் ஊருக்கு வந்துவிடுவேன் என்று கண்ணாடி ஜன்னலுக்கு முன் நின்று அவன் சொல்கிறான். கேட்கிறவருக்கும் தெரியும், சொல்கிறவனுக்கும் தெரியும்.

அப்படியானால் பொய் சொல்வதில் என்ன தப்பு? அவங்க கேக்கறதே அநியாயம், அநியாயத்துக்குப் பொய்தானே பதில்? என் நண்பர்கள் பலர் இதைச் சொல்வார்கள், காலனியம் பற்றிய ஒரு மேற்கோளோடு.

ஏமாறுவது யார் என்று பாருங்கள். வெள்ளைக்காரன் ஏமாறவில்லை. அவன் விண்ணப்பக் கட்டணம் வாங்கிவிட்டான், சேர்ந்தால் படிப்புக் கட்டணமும் வாங்குவான். ஏமாறுகிறவள் நம் ஊரிலேயே இன்னொரு கல்லூரியில் படித்து, உண்மையாகவே ஓர் ஆசிரியரிடம் மூன்று வருடம் வேலை செய்து, அவர் கையால் எழுதிய கடிதத்தோடு விண்ணப்பிக்கிற பெண். ஒரே வாசகத்தில் நூறு கடிதம் படித்துச் சலித்தவர் நூற்றியோராவது கடிதத்தையும் நம்ப மாட்டார். நாணயம் செல்லாமல் போவது இப்படித்தான். கள்ள நோட்டு அடித்தவனுக்கு முன்னால் நல்ல நோட்டு வைத்திருந்தவன் மாட்டிக்கொள்கிறான்.

அடுத்த வாதம் இன்னும் உறைப்பானது. "ஏழை வீட்டுப் பையன் மேல வர இருக்கிற ஒரே சந்து இது. நீ ஒழுக்கம் பேசி அதையும் அடைச்சிடாத." பேசுகிறவரின் அக்கறையை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் இந்தச் சந்தில் ஏழைப் பையன் முன்னால் போகவில்லை. பணக்கார வீட்டுப் பிள்ளைக்கு ஒன்பதாம் வகுப்பிலிருந்தே ஆலோசகர் இருக்கிறார். அவனுடைய எஸ்ஓபி அவனோடு பேசிப் பேசி எழுதப்படுகிறது. ஏழைப் பையனுக்குப் பெயர் மாற்றிய கோப்பு. பொய்யும் ஒரு சரக்குதான். சந்தையில் எந்தச் சரக்காக இருந்தாலும் மட்டமானது ஏழைக்குத்தான் வரும்.

மாட்டினால் யார் மாட்டுவார்கள் என்பதையும் 2023-ல் பார்த்தோம். பெரும்பாலும் பஞ்சாபிலிருந்து கனடா போயிருந்த மாணவர்கள் பலருக்கு நாடுகடத்தும் நோட்டீஸ் வந்தது. அவர்கள் கொடுத்திருந்த கல்லூரி அனுமதிக் கடிதங்கள் போலி. ஏஜென்ட் கொடுத்ததை நம்பினோம் என்று அவர்கள் தெருவில் உட்கார்ந்து போராட வேண்டியிருந்தது. அந்த வருடம் டிசம்பர் 1 முதல், ஒவ்வொரு அனுமதிக் கடிதத்தையும் சம்பந்தப்பட்ட கல்லூரியே உறுதிசெய்ய வேண்டும் என்று கனடா விதி போட்டது. மாணவனுக்கும் கல்லூரிக்கும் நடுவில் எல்லாவற்றையும் "நாங்க பாத்துக்கறோம்" என்று ஒருவர் நின்றால், கடைசியில் தன் காகிதத்தில் என்ன இருக்கிறது என்பது மாணவனுக்கே தெரியாது.

வேறு மாதிரி நடக்கவும் முடியும். எங்கள் துறையில் மைக்ரோப்ராசசர் லேப் எடுத்த மேடம் ஒருவர் இருந்தார். என் வகுப்பு நண்பனுக்கு அவரே உட்கார்ந்து கடிதம் எழுதினார். பல வருடம் கழித்து அதை எங்களுக்குக் காட்டினார். மொத்தம் ஏழெட்டு வரி. லேபில் சர்க்யூட் ஓடாத ஒருநாள், மற்றவர்கள் எல்லோரும் பக்கத்து மேசையின் விடையைப் பார்த்து ரெக்கார்டு எழுதினார்கள், இவன் மட்டும் விடை வரவில்லை என்று எழுதிக் கொண்டு வந்தான். அதற்காக மதிப்பெண் குறைத்தேன், குறைத்திருக்கக் கூடாது என்று இப்போது நினைக்கிறேன். இதுதான் சாரம். ஆங்கிலத்தில் இரண்டு இலக்கணப் பிழை இருந்தது. அந்தப் பையனை எனக்கு நாலு வருடமாகத் தெரியும், ஆனால் அந்தக் கடிதத்தில்தான் முழுசாகப் பார்த்தேன். எந்த கன்சல்டன்சியாலும் அதை எழுத முடியாது.

ஆகவே ஆசிரியர்களுக்கு என் கோரிக்கை: தெரிந்தால் நாலு வரி எழுதுங்கள், தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லிவிடுங்கள். மாணவன் வேறு ஒருவரிடம் போவான். கல்லூரி நிர்வாகங்களுக்கு: ஆசிரியருக்குக் கல்லூரிப் பெயரில் ஒரு மின்னஞ்சல் முகவரி கொடுங்கள். பேருந்தில் ஒட்டுகிற விளம்பரச் செலவில் அது தூசு. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு: ஜிஆர்இ தேர்வை 2020-க்குப் பிறகு உங்களில் பலர் கைவிட்டீர்கள், வானம் இடிந்து விழவில்லை. ஆய்வே இல்லாத, பாடம் மட்டும் படிக்கிற எம்.எஸ்.-க்கு மூன்று கடிதம் எதற்கு? பத்து நிமிடம் அந்தப் பிள்ளையோடு நேரில் பேசுங்கள். கட்டணம்தான் வாங்குகிறீர்களே.

விண்ணப்பிக்கப் போகும் தம்பி தங்கைகளுக்கு: ஆசிரியரிடம் வெறுங்கையோடு போகாதீர்கள். ஒரு பக்கத்தில் உங்கள் ப்ராஜெக்ட், வருடம், மதிப்பெண், அவரிடம் நீங்கள் கேட்ட கேள்வி, உங்களுக்கு ஓடாமல் போன சர்க்யூட் எல்லாவற்றையும் எழுதிக் கொடுங்கள். நடந்ததை நினைவூட்டுவது உங்கள் வேலை, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அதைப் படித்துவிட்டு நீங்கள் எப்படிப்பட்டவர் என்று சொல்வது அவருடைய வேலை. "நீயே எழுதிக் கொண்டு வா" என்றால் அந்தப் பக்கத்தை நீட்டி, "எழுதிட்டேன் சார், மீதி நீங்கதான் எழுதணும்" என்று சொல்லுங்கள். சிலர் கோபப்படுவார்கள். சிலர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு படிக்கத் தொடங்குவார்கள்.

எஸ்ஓபியில் அந்த சுயஉதவிக் குழுவின் வட்டிக் கணக்கு இருக்கட்டும். சிபியுவை மூடி வையுங்கள்.