நோயாளிக்குத் தனிச் சமையல் வேண்டாம்

இதய நோய்க்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்புவோர் எங்களிடம் கேட்கும் கேள்விகளுள் மருந்தைப் பற்றியவை குறைவு; உணவைப் பற்றியவையே மிகுதி. "இனிமேல் கோழியே சாப்பிடக் கூடாதா?" என்று நோயாளி கேட்பார். "அவருக்குத் தனியாகக் கஞ்சி வைத்துவிடுகிறோம், மற்றவர்களுக்கு வழக்கம்போல் சமைத்துக்கொள்கிறோம்" என்று வீட்டார் கூறுவர். அன்பினால் செய்யப்படும் இந்த ஏற்பாடு நெடுநாள் நிலைப்பதில்லை. பக்கத்துத் தட்டில் கறிக்குழம்பு மணக்கும்போது ஒருவர் எத்தனை நாள் கஞ்சி குடிப்பார்? சிலர் பத்தியத்தை முறிக்கின்றனர். சிலர் உண்பதையே குறைத்து உடல் தளர்கின்றனர்.

ஆகவே, வீடு முழுவதும் உண்ணத்தக்க ஒரே சமையல் வேண்டும் என்பது எங்கள் கருத்து. அதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு, மத்தியதரைக் கடல் நாடுகளில் காய்கறிகளோடு சேர்த்து ஓவனில் வேகவைக்கும் கோழி உணவு.

அந்நாடுகளின் உணவுமுறையை ஸ்பெயினில் 55 முதல் 80 வயதுக்கு உட்பட்ட ஏறத்தாழ 7,400 பேரிடம் ஆராய்ந்தனர். அவர்கள் இதய நோய் வரும் வாய்ப்பு மிகுந்தவர்கள். ஆலிவ் எண்ணெயோ பருப்புக் கொட்டைகளோ சேர்த்து அம்முறையில் உண்டோரிடம் மாரடைப்பு, பக்கவாதம் முதலியன ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்திருந்தன. 2013இல் வெளியான அம்முடிவுகள், ஆய்வு நடத்திய முறையிலிருந்த குறைகளைக் கருத்திற்கொண்டு திருத்தப்பட்டு 2018இல் மீண்டும் வெளியாயின; பயன் ஏறக்குறைய அதே அளவில் நின்றது. 2010இல் யுனெஸ்கோ இவ்வுணவுமுறையைப் பண்பாட்டு மரபாக ஏற்றபோது, ஒன்றாக அமர்ந்து உண்ணும் வழக்கத்தையும் அதன் கூறாகவே குறிப்பிட்டது.

கீழவாஞ்சூரில் இதெல்லாம் நடக்குமா என்று ஐயுற வேண்டியதில்லை. காரைக்கால் பகுதியில் பிரான்சில் உறவினரை உடைய குடும்பங்கள் பல உள்ளன. அவர்கள் ஆலிவ் எண்ணெய் கொண்டுவந்தால் நன்று. இல்லையெனில் நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ போதும். வனஸ்பதியும் நெய்யும் வேண்டா.

ஐந்து பேருக்கு ஒரு கிலோ தோலுரித்த கோழி கொள்க. ஓர் எலுமிச்சையின் சாறு, நசுக்கிய பூண்டு எட்டுப் பல், மிளகுத்தூள், இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய், தலைதட்டிய ஒரு தேக்கரண்டி உப்பு ஆகியவற்றைப் பிசறிக் குளிர்பெட்டியில் இரண்டு மணி நேரம் வைக்கவும். உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பையே பரிந்துரைக்கிறது. இங்கு ஆளுக்கு ஏறத்தாழ ஒரு கிராமே சேரும். தக்காளி, வெங்காயம், கத்தரிக்காய், குடைமிளகாய் ஆகியவற்றைப் பெரிதாக நறுக்கி அடியில் பரப்பி, மேலே கோழியை அடுக்கவும். ஓவனாயின் 200 டிகிரி சூட்டில் சுமார் 45 நிமிடம். ஓவன் இல்லாதோர் அடிகனத்த சட்டியில் மூடி, சிறு தீயில் அதே நேரம் வேகவிட்டு, இறுதியில் மூடியைத் திறந்து நீரை வற்றவிடலாம். தடித்த பகுதியைக் கீறினால் இளஞ்சிவப்பு நீர் கசியக் கூடாது.

தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு கோழி, கால் பங்கு சோறு. உடன் கொண்டைக்கடலைச் சுண்டல் சிறிது. அதே உணவுமுறையில் மீனுக்கும் சிறப்பிடம் உண்டு. நம் கரையில் கிடைக்கும் மத்தியையும் கானாங்கெளுத்தியையும் இவ்வாறே சமைக்கலாம்.

சிலருக்கு மாற்றம் தேவைப்படும். சிறுநீரக நோயாளர் தக்காளி, கடலை ஆகியவற்றின் அளவை மருத்துவரிடம் கேட்டறிக. இன்சுலின் போட்டுக்கொள்வோர் சோற்றைத் திடீரெனக் குறைத்தால் சர்க்கரை மிகத் தாழக்கூடும். முன்னதாகவே எங்களிடம் கூறுக. வார்ஃபரின் உட்கொள்வோர் கீரையின் அளவைத் திடீரெனக் கூட்டவோ குறைக்கவோ வேண்டா.

வாசகர்களிடம் எங்கள் வேண்டுகோள் ஒன்றே. மறுபரிசோதனைக்கு வரும்போது வீட்டில் சமைப்பவரையும் உடன் அழைத்து வாருங்கள். நோயாளியிடம் மட்டும் நாங்கள் கூறும் அறிவுரை பெரும்பாலும் அடுக்களை வரை சென்று சேர்வதில்லை.