மலை சரிந்தால் மட்டும் உறவா?

“அனர்த்த வேளையில் அரசியல் பேசலாகாது.” இவ்வாக்கியம் எம்மிடையே இப்பொழுது வேதவாக்காகி வருகின்றது. 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி இலங்கையை ஊடறுத்துச் சென்ற நாட்களில், மலையக நண்பர்களுக்கு நிவாரணம் சேர்ப்பதற்காக யாழ்ப்பாணத்தில் எமது வாசிகசாலை மண்டபத்திற் கூடியிருந்தோம். அங்குதான் அதனை நேரிற் கேட்டேன். கூறியவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். தம் கைப்பணத்தில் பத்து மூடை அரிசி வாங்கித் தந்தவர். நள்ளிரவு கடந்தும் இருந்து பொதி கட்டியவர். வெறும் வாய்ப்பேச்சுக்காரர் கூறியிருப்பின் விட்டுவிடலாம். அத்தகைய ஒருவர் கூறியபடியால் இதனை விவாதிக்க வேண்டியிருக்கின்றது.

எம்மவர் காட்டிய பரிவை எள்ளி நகையாட நான் வரவில்லை. பாதைகள் தகர்ந்து, தொலைபேசித் தொடர்பும் அறுந்துபோய், பதுளையிலும் ஹட்டனிலும் கண்டியிலும் உள்ள எழுத்தாள நண்பர்கள் உயிரோடு இருக்கின்றார்களா என்று தெரியாது நாம் தவித்த தவிப்பு உண்மையானது. ஒருவருடைய குரல் கேட்டதும் அச்செய்தியை மற்றையோருக்கெல்லாம் சொல்லி மகிழ்ந்தோம். முன்பின் அறியாதவர்களும் வந்து பணம் தந்தார்கள். ஆயினும் அன்று சேர்ந்த பொருள்களுள் சரிகைச் சேலைகளும், குதியுயர்ந்த பாதணிகளும், திகதி கடந்த பால்மாவும் இருந்தன என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அவற்றைத் தெரிந்து ஒதுக்குவதற்கே நான்கு இளைஞர்களுக்கு ஒரு பகற்பொழுது வேண்டியிருந்தது.

அறுநூறுக்கு மேற்பட்ட உயிர்களை அச்சூறாவளி கொண்டுபோயிற்று. கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களே பேரிழப்பைக் கண்டன. மாண்டோர் தோட்டத் தொழிலாளர் மட்டுமல்லர். சிங்களக் கிராமத்தவரும் முஸ்லிம்களும் அதே மழையில், அதே மண்ணுக்குள் அகப்பட்டனர். அவர்களுடைய துயரைக் குறைத்துப் பேசுவது கயமை. எனினும் ஒரு வேறுபாட்டை மறைப்பதும் நேர்மையன்று. கிராமத்து விவசாயி பெரும்பாலும் தன் காணியை இழந்தான். தோட்டத் தொழிலாளியோ பிறர் காணியில் இருந்த இருப்பை இழந்தான். நட்டஈட்டுப் படிவத்திலே உரிமையாளரின் பெயர் கேட்கப்படும் இடத்தில் அவன் யாருடைய பெயரை எழுதுவான்?

இந்தக் கேள்வி அரசியலாயின், அரசியல் பேசாது மண்சரிவைப் பற்றி எவ்வாறு பேசுவதென்று எனக்குத் தெரியவில்லை.

மீரியபெத்தையை நினைத்துப் பாருங்கள். 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆந் திகதி காலை, கொஸ்லந்தையை அடுத்துள்ள அத்தோட்டத்தில் மலை பெயர்ந்து வந்து லயங்களை மூடியது. பாடசாலைக்குப் புறப்பட்டுவிட்ட பிள்ளைகள் தப்பினர். அவர்களுட் சிலர் திரும்பி வந்தபோது பெற்றோரும் இல்லை, வீடிருந்த இடமும் தெரியவில்லை. புதையுண்டோர் நூறு என்றும் முந்நூறு என்றும் முதல் நாட்களிற் சொன்னார்கள். பின்னர் அத்தொகை நாற்பதுக்குங் கீழே இறங்கியது. குறைந்தது ஆறுதலே. ஆனால் அங்கு எத்தனை பேர் வாழ்ந்தனர் என்பதை நாட்டுக்கு உடனே சொல்ல ஒருவராலும் இயலவில்லையே, அதனை என்னவென்பது? ஒருத்தி பறித்த கொழுந்து எத்தனை கிலோ என்பதை அன்றன்றே நிறுத்து எழுதிவைக்கும் அமைப்பு அது. செக்றோலில் பேர் விழாத கிழவனையும் குழந்தையையும் எண்ணி வைக்க அதற்கு அவசியம் ஏற்படவில்லை.

அச்சரிவு முன்னறிவிப்பின்றி வந்ததுமன்று. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் அவ்விடம் ஆபத்தானது என எச்சரித்திருந்தது. “சொல்லியும் மக்கள் விலகவில்லை” என்று பின்னர் குறைகூறியோர் பலர். எங்கே விலகுவது? லயக்காம்பரா வேலையோடு ஒட்டியது. அது நிற்கும் காணி அரசினுடையது. தோட்டங்கள் 1970களில் அரசுடைமையாக்கப்பட்டன. 1992இல் முகாமை கொம்பனிகளிடம் போயிற்று. பின்னர் 53 ஆண்டுக் குத்தகை வந்தது. இத்தனை கைமாற்றங்களிலும் அதில் வாழ்பவனுக்கு ஒரு பிடி மண் எழுதிக் கொடுக்கப்படவில்லை. தோட்டத்தின் அனுமதியின்றி அயலில் ஒரு கொட்டில் போடவும் அவனால் ஆகாது. பிரதேச சபையிடம் முறையிடலாமே என்பீர்கள். 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பிரதேச சபைகள் தோட்டக் குடியிருப்புகளுக்குத் தம் பணத்தைச் செலவிடுவதே தடைப்பட்டிருந்தது. அச்சட்டம் திருத்தப்பட 2018 ஆயிற்று. ஆகவே எச்சரிக்கைக் கடிதம் வந்தது; போவதற்கு இடம் மட்டும் அதனோடு வரவில்லை. மீரியபெத்தையில் உயிர் பிழைத்தோர் முதலிற் பாடசாலைகளிலும், அப்பால் ஒரு தேயிலைத் தொழிற்சாலையிலும் தங்கியிருந்து, 2016இலேதான் புதிய வீடுகளைக் கண்டார்கள். 75 வீடுகள். மலை சரிவதற்கு முன் அவற்றைக் கட்டியிருக்க முடியாதா என்று கேட்டால், அரசியல் பேசாதே என்கின்றார் எமது நண்பர்.

மழை இயற்கைதான், அதனை எவரும் மறுக்கவில்லை. ஆனால் மலைச்சாய்வில் விழும் நீர் கான்களில் வழிந்தோட வேண்டும். கான் தூர்ந்தால் நீர் மண்ணுக்குள் இறங்கும். மண் கனத்துப் பிடிப்பிழக்கும். கான் வெட்டுக்கு ஆள் போடுவது வீண்செலவு என்று எண்ணும் தோட்டத்தில் அடுத்த அடைமழைக்கு என்ன நிகழுமென்பது கொழுந்தெடுக்கும் பெண்ணுக்குத் தெரியும். கணக்குப் புத்தகத்தோடு இருப்பவருக்குத் தெரியாமலா இருக்கும்? காட்டை அழித்துக் கோப்பி நட்ட வெள்ளைத்துரை, தனது பங்களாவுக்கு நல்ல மேட்டைத் தெரிந்துகொண்டான். லயத்துக்கோ பிரட்டுக்களத்துக்குக் கிட்டிய இடம் போதுமென்றான். கோப்பி போய்த் தேயிலை வந்தது, வெள்ளைத்துரை போய் உள்ளூர்த்துரை வந்தான், லயங்கள் நின்ற இடத்திலேயே நின்றன.

ஆசிரியர் இதற்கும் ஒரு மறுமொழி வைத்திருந்தார். “அதெல்லாம் பிறகு பார்க்கலாம், தம்பி. முதலிலே பசி.” பசி முதலாவது என்பதில் எமக்குள் பேதமில்லை. ஆனால் 2004 டிசெம்பர் 26இல் கடல் எமது கரைக்கு ஏறி வந்தபோது நாம் “பிறகு” என்று சொன்னோமா? வெளிநாட்டு உதவி யார் கைவழியே வரும் என்று பிணங்களை எடுத்து முடிப்பதற்குள்ளேயே கேட்டோம். 2005 யூனில் பொதுக் கட்டமைப்பு உடன்படிக்கை கைச்சாத்தாகி, அடுத்த மாதமே உயர்நீதிமன்றம் அதன் முக்கிய பகுதிகளை இடைநிறுத்தியபோது கொதித்தெழுந்தோம். தெற்கிலே 100 மீற்றர், வடக்குக் கிழக்கிலே 200 மீற்றர் எனக் கரையோரத் தடைவலயம் அறிவிக்கப்பட்டபோது, மீனவனைக் கடலிலிருந்து பிரிக்காதே என்று எழுதினோம். அவ்வளவும் அரசியலே. பேசியது முற்றிலும் சரியே. அப்படியாயின் எமக்கு நேர்ந்தால் உரிமை, மலையகத்தானுக்கு நேர்ந்தால் அரிசி என்ற இந்தப் பாகுபாடு எங்கிருந்து வந்தது?

அது இன்று நேற்று வந்ததன்று. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸைச் சேர்ந்த எழுவர் பாராளுமன்றம் சென்றனர், கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை அவர்களுள் ஒருவர். அடுத்த ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்து அம்மக்களை நாடற்றோராக்கியது. 1949இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. அவ்வாண்டு இந்திய பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டத்துக்கு வடக்கின் தலைவர்களில் ஒரு பகுதியினர் ஆதரவாக வாக்களித்தார்கள். எதிர்த்து நின்றோரும் இருந்தனர். தமிழ்க் காங்கிரஸ் பிளந்ததற்கு மலையக மக்களின் குடியுரிமைப் பிரச்சினையும் ஒரு காரணம். 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் 525,000 பேர் அங்கே, 300,000 பேர் இங்கே, எஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பிறகு பார்க்கலாம் என்று மனிதரைப் பங்கிட்டபோது, யாழ்ப்பாணத்தில் எத்தனை கடைகள் பூட்டப்பட்டன என்று மூத்தவர்களைக் கேட்டுப் பார்க்கலாம்.

வீட்டுக்கு அண்மையிலும் ஒரு கதை உண்டு. 1977 வன்செயலின்பின் மலையகத்திலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்த குடும்பங்களை நாம் எங்ஙனம் ஏற்றோம்? குறைந்த கூலிக்கு வயலில் இறங்க ஆட்கள் கிடைத்தார்கள் என்று மகிழ்ந்தவர் பலர். காடு வெட்டியவர்கள் அவர்கள். போர் வந்தபோது எம்மோடு ஓடியவர்களும், எம்மோடு செத்தவர்களும் அவர்களே. ஆயினும் உறுதியில்லாக் காணியில் இருப்போர் இன்றும் அவர்களிடையே உளர். ‘தோட்டக்காட்டார்’ என்ற இழிசொல் எமது வீட்டுத் திண்ணைகளில் இன்னும் செத்துவிடவில்லை. நிவாரண லொறியின் முகப்பில் மட்டும் ‘எமது மலையக உறவுகளுக்கு’ என்று கொட்டை எழுத்தில் எழுதுகின்றோம்.

கூட்டத்தில் வேறொருவர் எழுந்து, “அவர்கள் இங்கேயே வந்துவிடலாமே, வன்னியிலே காணி கிடக்கிறதுதானே” என்றார். கனிவான அழைப்பு. வர விரும்புவோர் வரட்டும். வந்தவர்களுக்கு முதல் நாளிலேயே அவர்கள் பெயரில் உறுதி எழுதிக் கொடுக்க நாம் ஆயத்தமா? அது கிடக்க, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக அம்மலையைத் திருத்திப் பயன் கொடுத்தவர்கள் ஏன் அதை விட்டு இறங்க வேண்டும்? ஆபத்தற்ற மேட்டுநிலம் அதே மலைநாட்டில் இல்லாமலா போயிற்று? துரை பங்களாக்களைச் சுற்றியுள்ள புற்றரையை ஒருமுறை பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். 2015இன்பின் 7 பேர்ச் காணி என்று ஒரு திட்டம் பேசப்பட்டு, சில இடங்களில் வீடுகளும் எழுந்தன. ஏழு பேர்ச் என்பது இரண்டாயிரம் சதுர அடிக்கும் குறைவு. வீடு கட்டி, நாலு மரவள்ளி நட்டால், கோழிக்கூட்டுக்கு இடம் தேட வேண்டும். அதுதானும் எல்லோருக்கும் கிட்டவில்லை. வீட்டுக்கும் பயிருக்கும் போதுமான நிலம், ஆபத்து வலயத்துக்கு வெளியே, உழைக்கும் பெண்ணின் பெயரும் பொறித்த உறுதியோடு வேண்டும் என்று மலையக மக்கள் கேட்கின்றார்கள். அவர்களுடைய நண்பர் என்று எம்மைச் சொல்லிக்கொள்வோமாயின் அக்கோரிக்கை எமது கூட்டங்களில் அரிசிக் கணக்குக்கு முன்பாக வாசிக்கப்பட வேண்டும்.

எமது பொதிகளைப் பெற்றுக்கொண்ட இளம் ஆசிரிய நண்பர் ஒருவர் எனக்குக் கடிதம் எழுதியிருந்தார். “சாமான்கள் வந்து சேர்ந்தன, அண்ணன். எல்லோரும் பங்கிட்டுக்கொண்டோம். பாடசாலையைத் திறக்க வேண்டுமென்று எங்களைப் பழைய லயத்துக்கே போகச் சொல்கிறார்கள். லயத்துக்கு மேலே மலையில் வெடிப்பு இருக்கிறது, கைநுழையும் அகலம். இரவு மழை பெய்தால் ஆண்கள் மாறிமாறி விழித்திருக்கிறோம். காணி கேட்டு ஒரு மகஜர் எழுதியிருக்கிறோம். உங்கள் பக்கத்து ஆட்களும் கையொப்பம் வைத்தால் எங்கள் ஆட்களுக்குத் தெம்பாக இருக்கும்.” அரிசியைப் பற்றி அதற்குமேல் ஒரு வரியும் இல்லை.

அக்கடிதத்தை அடுத்த கூட்டத்தில் வாசித்தேன். மகஜரின் பிரதி ஒன்று இப்பொழுது வாசிகசாலை மேசையில், பத்திரிகைகளுக்குப் பக்கத்தில் இருக்கின்றது. நிவாரணத்துக்குப் பணம் தந்தோர் இருநூறுக்கு மேல். இதில் இதுவரை விழுந்த கையொப்பங்கள் பதினொன்று. பத்து மூடை அரிசி தந்த ஆசிரியர் நேற்று மாலை வந்து, அதனை எடுத்து இரண்டு தடவை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நாளைக்கு வாறன் தம்பி, இதை இங்கேயே வையும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.