எல்லைக்கோடு பெற்றெடுத்த 4 லட்சம் பேர்

"பத்தே வருஷத்தில் திருப்பூர் இரண்டரை மடங்கு பெருத்துவிட்டது." குழாயில் தண்ணீர் வரவில்லை என்றாலும் இதுதான் பதில். அவினாசி ரோட்டில் வண்டி நகரவில்லை என்றாலும் இதுதான் பதில். மேடை கிடைத்தால் "எல்லாம் வடக்கே இருந்து வந்தவங்களால்" என்று ஒரு வாலும் முளைத்துவிடும். ஆதாரமும் தயாராக இருக்கிறது: மக்கள்தொகைக் கணக்குப்படி 2001-ல் 3.44 லட்சம், 2011-ல் 8.77 லட்சம். இரண்டும் அரசு தந்த எண்கள்தான். ஆனால் இரண்டும் ஒரே ஊரின் எண்கள் அல்ல.

முதல் எண் சுமார் 27 சதுர கிலோமீட்டர் நகராட்சிக்கு உரியது. இரண்டாவது எண் சுமார் 159 சதுர கிலோமீட்டர் மாநகராட்சிக்கு உரியது. திருப்பூர் மாநகராட்சி ஆனது 2008-ல். 15 வேலம்பாளையம், நல்லூர் ஆகிய இரு நகராட்சிகளும் எட்டு ஊராட்சிகளும் அதில் சேர்ந்தது 2011-ல், அதுவும் பிப்ரவரியில் தலைகளை எண்ணி முடித்த பிறகு. வீரபாண்டிக்காரரும் நெருப்பெரிச்சல்காரரும் வீட்டுச் சாமானில் ஒன்றைக்கூட நகர்த்தாமல் திருப்பூர் நகரவாசிகள் ஆனார்கள். பழைய எல்லைக்குள் மட்டும் பார்த்தால் 2011-ல் இருந்தவர்கள் 4.44 லட்சம். பத்தாண்டு வளர்ச்சி 29 சதவீதம். மீதி 4.33 லட்சம் பேரையும் மாநகராட்சிக் கணக்கில் சேர்த்தது அரசாணை. அவர்கள் ஏற்றுமதியால் வந்தவர்களா, ரயிலில் வந்தவர்களா என்று அந்த எண் சொல்லாது.

"சரி, ஆனாலும் வேகம் கூடிக்கொண்டேதானே போகிறது?" அதுவும் இல்லை. நகராட்சிக் கணக்கில் 1971-ல் 1.13 லட்சம், 1981-ல் 1.65 லட்சம், 1991-ல் 2.35 லட்சம். பத்தாண்டுக்கு 46, 43, பிறகு 2001 வரை மறுபடியும் 46 சதவீதம். அதன்பிறகு 29-க்கு இறங்கியது. இதில் 1970-களைக் கவனியுங்கள். டாலர் சிட்டி என்ற பெயர் அப்போது கிடையாது. உள்நாட்டுக்கு வெள்ளை பனியன் தைத்துக்கொண்டிருந்த ஊர், ஏற்றுமதி வேகமாகப் பெருகிய 1990-களின் அதே வேகத்தில் வளர்ந்திருக்கிறது. ஏற்றுமதிதான் ஊரை ஊதிவிட்டது என்ற கதைக்கு இந்தப் பத்தாண்டு ஒத்துழைப்பதில்லை.

வளர்ச்சியே இல்லை என்று நான் சொல்லவில்லை. சுற்றுப்புற ஊர்களையும் சேர்த்த நகரத் தொகுதியில் 2001-ல் 5.5 லட்சம் பேர், 2011-ல் 9.6 லட்சம் பேர். பெரிய எண்தான். ஆனால் அந்தப் பெருக்கத்தில் பெரும்பங்கு விழுந்தது பழைய நகரத்துக்கு வெளியே. நிலம் மலிவாக இருந்த பக்கம் கம்பெனி போனது, கம்பெனி போன பக்கம் லைன் வீடுகள் முளைத்தன. சாக்கடையும் குடிநீர்க் குழாயும் அதற்கு எத்தனையோ வருடம் கழித்துத்தான் வந்தன, சில தெருக்களுக்கு இன்னும் வரவில்லை. ஊராட்சிக்கு உரிய வரி வருமானத்தை வைத்துக்கொண்டு தொழில்நகரத்தின் பாரத்தைச் சுமந்த இடங்கள் அவை. தண்ணீருக்கும் நெரிசலுக்கும் காரணம் தேடுகிறவர்கள் முதலில் அங்கே போய்ப் பார்க்கட்டும்.

இனி "வடக்கே இருந்து வந்தவங்களால்" என்ற அந்த வால். மேலே சொன்ன 43, 46 சதவீத வளர்ச்சியில் பெரும்பங்கு தமிழ்நாட்டுக்காரர்களுடையது. மதுரை, தேனி, திண்டுக்கல், ராமநாதபுரம், திருநெல்வேலி என்று தெற்கே மழை பொய்த்த ஊர்களில் இருந்து குடும்பத்தோடு வந்து, இங்கேயே ரேஷன் கார்டு வாங்கியவர்கள். தீபாவளிக்கு முந்தைய இரவில் திருப்பூர் பஸ் ஸ்டாண்டில் நின்று பார்த்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் தொழிலாளர்கள் பெருமளவில் வந்ததெல்லாம் பின்னால்தான். அவர்கள் வந்ததற்குக் காரணம், கம்பெனி கேட்டில் "டெய்லர், செக்கிங், கைமடி ஆட்கள் தேவை" என்ற போர்டு நிரந்தரமாகத் தொங்கியதுதான். தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரிப் பிள்ளை 2011-லேயே 1.7. கொங்குப் பகுதி இந்த இறக்கத்தில் முன்னோடி. ஒன்றரை ஷிப்டுக்கு உட்கார உள்ளூரில் ஆளில்லாத இடத்தில்தான் அந்த வெளிமாநிலத் தொழிலாளர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அவர்கள் போகவும் செய்கிறார்கள். 2020-ல் ஊரடங்கின்போது சிறப்பு ரயில்களில் ஊர் திரும்பினார்கள். 2023 மார்ச்சில், வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பரவிய போலி வீடியோக்களைப் பார்த்துப் பலர் பயந்து கிளம்ப, பீகார் அரசின் குழுவே திருப்பூர் வந்து விசாரித்தது. முதலாளிகள் அன்று பட்ட கவலை "கூட்டம் அதிகம்" என்பதல்ல, ஆள் இல்லாமல் ஆர்டர் நின்றுவிடுமோ என்பது.

இந்த ஊரின் மக்கள்தொகை பனியன் ஆர்டரோடு ஏறி இறங்குவது. 2011 ஜனவரி இறுதியில் நொய்யல் ஆற்று மாசு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. இரண்டு வாரம்கூட ஆகாத நிலையில், பிப்ரவரி 9-ம் தேதி, கணக்கெடுப்பு தொடங்கியது. வேலை போய் ஊருக்குக் கிளம்பியவர்கள் எத்தனை பேர் அந்தப் பட்டியலில் விடுபட்டிருப்பார்கள்? வரலாற்றிலேயே மோசமான மாதம் ஒன்றில் எடுத்த படத்தை வைத்துத்தான் பதினைந்து வருடமாகத் திட்டம் போடுகிறோம். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோதும், ஆர்டர் குறைந்தால் ஆள் கிளம்பிவிடுவார்களே என்ற பேச்சுதான் முதலில் எழுந்தது.

ஆகவே "இந்த வேகத்தில் போனால் 20 லட்சம், 30 லட்சம்" என்று பெருக்கல் போடுகிறவர்கள் ஒரு முறை மான்செஸ்டரைப் பார்க்கட்டும். பருத்தியால் பெருத்த அந்த நகரில் 1931-ல் 7.6 லட்சம் பேர், 2001-ல் 4 லட்சத்துக்கும் கீழே. திருப்பூருக்கும் அதே கதி என்பதல்ல என் வாதம். தொழில்நகரத்தின் மக்கள்தொகையை ஸ்கேல் வைத்துக் கோடு நீட்டிக் கணிக்க முடியாது, அவ்வளவுதான்.

அடுத்த கணக்கெடுப்பு 2027 பிப்ரவரியில். அதிகாரிகளுக்கு ஒரு வேண்டுகோள்: லைன் வீடுகளுக்குப் பகலில் போனால் பூட்டுதான் இருக்கும், இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் போங்கள். பழைய நகராட்சி எல்லைக்கும் சேர்த்த பகுதிகளுக்கும் எண்களைத் தனித்தனியாக வெளியிடுங்கள். வீட்டு உரிமையாளர்களே, வரிக்குப் பயந்து குடியிருப்பவர்களின் எண்ணிக்கையைக் குறைத்துச் சொல்லாதீர்கள். உங்கள் தெருவுக்குக் குழாயின் அளவை முடிவு செய்யப்போவது அந்த எண்தான்.